கொண்டலும் கோடையும்: எல்லைப்புறத்து மழைக்கணக்கு

நம் முன்னோர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு வழங்கினர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இப்பெயர்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாளில் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கொண்டல் என்றால் மழைமேகம் என்றும், கோடை என்றால் வெப்பம் என்றும் ஆசிரியர் விளக்கினார். நாமோ பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் மழை வருவது மேற்கிலிருந்து. மண்ணை வறளச் செய்து, உதட்டை வெடிக்கச் செய்து, பனையோலையைச் சலசலக்க வைப்பது கிழக்கிலிருந்து வரும் காற்று. ஐப்பசியில் கீழ்வானம் இடித்துப் பெய்வதும் உண்டு. ஆயினும் கார்த்திகை பிறந்தபின் தை, மாசி வரை வீசுவது ஈரமற்ற கீழைக்காற்றே. மலையாளிகள் அதனை விருச்சிகக் காற்று என்பர்.

பெயரிட்டவர்கள் பிழை செய்யவில்லை. அவர்கள் நின்ற இடம் வேறு, நாம் நிற்கும் இடம் வேறு என்பது பின்னர்தான் விளங்கிற்று. மேல்காற்று அரபிக் கடலில் நீரை மொண்டு வந்து மலையில் மோதி மேலேறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது சுமையை இறக்குகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்குகையில் அது வெறுங்கையோடு, வெப்பமும் ஏறி, கொங்குச் சமவெளியில் கோடையாகிறது. கீழ்க்காற்றின் கதை இதற்கு நேர்மாறு. வங்கக் கடலில் நனைந்து சோழமண்டலக் கரையில் கொண்டலாகப் பொழிவது, உள்நாட்டைக் கடந்து நம்மிடம் வந்து சேரும்போது துடைத்துப் பிழிந்த துணிபோல் இருக்கிறது. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் இருபுறத்துக் காற்றுக்கும் வழிவிடுகிறது. ஆதலின் ஒரே காற்று ஓரூரில் கோடை, மற்றோரூரில் மழை. இலக்கணம் ஒன்றே, நிலம் இரண்டு.

எங்கள் குடும்பமும் இவ்விரு நிலத்திலும் கால் ஊன்றியது. தாய்வழி ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கடலையும் சோளமும் தென்னையும் விளையும் வறண்ட பூமி. தந்தையார் தேவிகுளம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடுமுறைக்கு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போவதென்றால் பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு கடந்து, மறையூர் ஏறி, மூணாறு சேர வேண்டும். ஆடி மாதத்தில் அவ்வழிச் செல்வோர் ஒரே பகலில் மூன்று பருவங்களைக் காணலாம். உடுமலையில் புழுதிக் காற்று. சின்னாற்றில் கள்ளியும் முட்செடியும் நிற்கும் வறள்காடு, ஆண்டு முழுவதற்கும் 50 மழைநாள் கூடத் தேறாது என்பர். மறையூர்ச் சந்தனக்காட்டில் சாரல். மூணாற்றை நெருங்கினால் பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாத பெருமழை. மலையின் ஒரு முதுகுதான் இடையில் உள்ளது. அம்முதுகின் இருபுறமும் தமிழே பேசப்படுகிறது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்; ஏனெனில், இக்கட்டுரைக்குப் பொருளாகிய மழைக்கணக்கு, மொழியையும் முகட்டையும் பாராது ஆட்சி எல்லையைப் பார்த்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது.

1949-க்கு முன் இந்தச் சிறிய பரப்பு மூன்று ஆட்சிகளில் கிடந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும் கொச்சி அரசு. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். ஒரே மேகம் மூன்று அரசுகளின் ஏடுகளில் தனித்தனியே பதிவாயிற்று. அவ்வேடுகளுக்குத் தலைமை தாங்கியவை இரு கடற்கரை நகரங்களின் ஆய்வகங்கள்: ஒன்று சென்னை, மற்றொன்று திருவனந்தபுரம்.

சென்னை ஆய்வகத்தின் கதை வானிலையில் தொடங்கவில்லை, விண்மீனில் தொடங்கிற்று. கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். கரை தெரியாமல் கப்பல்கள் உடைந்த காலம் அது. நிலத்தின் நெடுங்கோட்டையும் கரையின் அமைப்பையும் துல்லியமாக அறிவது வாணிகத்துக்கு இன்றியமையாததாயிற்று. கம்பெனி அக்கருவிகளை ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் என்பாரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிடம் எழுப்பியது. கருவி அசையாதிருக்க நடுவில் ஒரு கருங்கல் தூண் நிறுத்தினர்; அதன் எடை 10 டன் என்பர். அத்தூணில் இலத்தீனுடன் தமிழ் உள்ளிட்ட நம் நாட்டு மொழிகளிலும் கல்வெட்டுப் பொறித்தனர். ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் இக்கலை இங்கு ஊன்றப்பட்ட காலத்தை அறிய வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மையத்தின் வளாகத்தில் அத்தூணை நாம் பார்த்தோம். கட்டிடம் போய்விட்டது, தொலைநோக்கிகளும் வானியலும் 1899-இல் கொடைக்கானல் மலைக்குக் குடியேறிவிட்டன, தூண் மட்டும் வெயிலில் நிற்கிறது. ஆங்கில ஆட்சியின் தாராளத்தைப் பறைசாற்றவே அக்கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது என்பதை நாம் அறியாமல் இல்லை. ஆயினும் அதனைத் தமிழிலும் வெட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்காக அக்கல்லைச் சற்று நேரம் நின்று படித்தோம். எழுத்துத் தேய்ந்திருந்தது, முழுதும் படிக்கக் கூடவில்லை.

டாப்பிங் 1796-இல் மறைந்தார். அடுத்து வந்த ஜான் கோல்டிங்காம் அவ்வாண்டு முதலே பாரமானி, வெப்பமானி ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். சென்னையின் மழையளவு 1813 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இரு நூற்றாண்டைத் தாண்டிய இத்தகைய தொடர்ச்சி உலகிலேயே மிகச் சில ஊர்களுக்கே வாய்த்தது. கோல்டிங்காம் கூர்மையான மனிதர் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி சுடுவது வழக்கம். ஒளி தெரிந்த கணத்துக்கும் ஒலி கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அவர் 1820, 1821 ஆண்டுகளில் இடைவிடாது குறித்துவந்தார். வெப்பமும் ஈரமும் காற்றின் திசையும் மாற மாற ஒலியின் வேகமும் மாறுவதை அதனால் காட்டினார். வேளை அறிவிக்கச் சுட்ட பீரங்கியைக் கொண்டே வளிமண்டலத்தை அளந்துவிட்டார்!

பாரமானி பற்றி ஒரு சொல். வெப்ப நாடுகளில் காற்றின் அழுத்தம் கடலைப்போல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். விடியற்காலை நான்குக்கும் மாலை நான்குக்கும் தாழ்வு. இவ்வேற்ற இறக்கம் எவ்வளவு ஒழுங்கானது என்றால், பழகியவர் பாரமானியைப் பார்த்தே நேரத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இந்த ஒழுங்கு கெடும் நாளில்தான் எச்சரிக்கை தேவை. மாலையில் இறங்கியது இரவில் ஏறாமல் மேலும் இறங்கினால், கடலில் எங்கோ புயல் சுழல்கிறது என்று பொருள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் வழக்கம் இவ்வறிவின் பயனே. இயல்பு இன்னதென்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திராதவனுக்கு இயல்பு கெட்டது தெரியாது. எனவேதான் மழை பெய்யாத நாளையும் எழுத வேண்டும்.

இதனைத் தந்தையாரிடம் நாம் முதலில் கற்றோம். அவருடைய தோட்டத்து அலுவலகத்தின் முன் புல்தரையில் ஒரு மழைமானி இருந்தது. ஐந்தங்குல வாயுள்ள புனல். அதன் கீழ் ஒரு கண்ணாடிப் புட்டி. இரண்டையும் காக்கும் ஓர் உலோக உறை. அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட ஓர் அளவுக் குவளை. மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கேனும் தள்ளி மழைமானியை வைக்க வேண்டும். இல்லாவிடில் காற்று வீசும் பக்கத்து மழை குறைந்து விழும். காலை எட்டு மணி ஆனதும் அவர் குடையுடன் சென்று புனலில் இலை விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பின்னர் நீரைக் குவளையில் ஊற்றிக் கண்மட்டத்தில் நிறுத்திப் படிப்பார். அங்குலமும் செண்டும் வழங்கிய காலம். நூறு செண்டு ஓர் அங்குலம். ஆடியில் புட்டி நிறைந்து வழிந்து உறைக்குள் தேங்கியிருக்கும். அதையும் ஒரு துளி சிந்தாமல் அளப்பார். கொழுந்து பறிக்கக் கம்பளி போர்த்திச் செல்லும் பெண்கள் வேலியருகே நின்று, “கணக்கப்பிள்ளை ஐயா, இன்னிக்கு எத்தனை?” என்று கேட்பதுண்டு. “ஆறே கால்” என்று அவர் சொன்னால், “அம்புட்டுத்தானா? ராத்திரி கூரையில விழுந்த சத்தத்துக்குப் பத்து இருக்கும்னு நெனச்சோம்” என்று சொல்லிச் சிரித்துப் போவார்கள்.

மழையில்லாத நாளில் அவர் பூச்சியம் எழுதுவார். வெறுமையாக விடமாட்டார். “பூச்சியம் என்றால் பார்த்தேன், இல்லை என்று பொருள். வெறுமை என்றால் பார்க்கவே இல்லை என்று பொருள்” என்பது அவர் வாக்கு. மாத இறுதியில் கூட்டி, சென்ற ஆண்டு அம்மாதத்து எண்ணையும் அதன் அருகில் சிவப்பு மையால் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். அச்சிவப்பு எண்தான் மாதக்கணிப்பின் விதை என்று இப்போது தோன்றுகிறது. சென்ற ஆண்டு இப்படி, அதற்கு முந்திய ஆண்டு இப்படி, ஆகையால் வரும் மாதம் எப்படியோ என்று மனம் தானாகவே வினவத் தொடங்கிவிடுகிறது அல்லவா?

அவ்வினாவுக்கு விடைகூறும் மரபு நம்மிடையே முன்னரே இருந்தது. மார்கழியில் ஞாயிறு பூராட நாளில் நிற்கும் பதினான்கு நாள் அளவும் மேகத்தின் போக்கைக் கவனித்து, அடுத்த ஆண்டின் மழையைக் கணிப்பதைக் கர்ப்போட்டம் என்பர். மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழையை ஈனும் என்பது வராகமிகிரரின் பிருகத் சங்கிதையிலும் உள்ள கருத்து. கணவாய்க்கு மேற்கே உழவர் ஞாற்றுவேலையைப் பார்ப்பர். ஞாயிறு ஒவ்வொரு நாள்மீனிலும் தங்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் ஒரு ஞாற்றுவேலை. திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நட்டால் தப்பாது வேர்பிடிக்கும். பரங்கியர் மிளகுக்கொடியைக் கொண்டுபோனால் என்ன, நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று சாமூதிரி கேட்டதாக ஒரு வழக்குக் கதை உண்டு. கதையோ வரலாறோ, அதன் உட்பொருள் நல்ல வேளாண் அறிவு. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கையில், இவ்வாண்டு மழை இத்தனை மரக்கால் என்று கேட்டுத் தலையசைத்த முதியோரையும் நாம் கண்டிருக்கிறோம். அம்மரக்கால் கணக்கில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஞாற்றுவேலையை அவ்வாறு தள்ள மனம் வரவில்லை. அது மழையை முன்னறிவிப்பதாகச் சொல்லவில்லை, பல தலைமுறை கண்ட சராசரியைச் சொல்கிறது. வானிலை மையம் ‘நீண்டகாலச் சராசரி’ என்பதும் அதுவே அன்றோ?

இவ்விரு மரபும் ஒரே மனிதரிடம் கூடியதும் உண்டு. சென்னை ஆய்வகத்தில் நார்மன் போக்சனின் கீழ்த் தலைமை உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்தார். 1872-இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி நம் நாட்டு மொழிகளில் நூல் வெளியிட்டார். அவரே கண்ணால் கண்ட கோள்நிலைக்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டவர். பகலில் ஆய்வக ஏடு, மாலையில் பஞ்சாங்கம். இரண்டுக்கும் ஒரே கண். இத்தகையோரின் பெயரை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

திருவனந்தபுரத்து ஆய்வகம் சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவால் 1837-இல் எழுந்தது. ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வாணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் பிடிவாதக்காரர். கடலோரத்தில் எடுத்த அளவை மட்டும் வைத்து மலைநாட்டு வானத்தை எழுதக் கூடாது என்று கருதி, 1855-இல் அகத்தியமலையின் உச்சியில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், யானையும் அட்டையும் மலிந்த காட்டின் நடுவே ஒரு கிளை ஆய்வகத்தை நிறுவினார். தமிழ் முனிவன் இருக்கை என்று நாம் வணங்கும் மலையில் ஒருவர் பாரமானியுடன் குளிரில் நடுங்கிக்கொண்டு மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்திருப்பார் என்பதை நினைத்தால் உவகை பிறக்கிறது. பிரவுன் உணர்ந்த உண்மை நம் எல்லைப்புறத்துக்கும் பொருந்தும்: மலையின் வானத்தை மலையிலேதான் அளக்க வேண்டும்.

அளப்பது ஒன்று, முன்கூறுவது மற்றொன்று. முன்கூறும் கட்டாயத்தைப் பஞ்சம் உண்டாக்கிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் பாட்டாகவே பாடினர். அதற்கு ஓராண்டு முன்னர், 1875-இல், இந்திய வானிலைத் துறை தோன்றி ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவராக இருந்தார். இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்பது அவர் கண்ட தொடர்பு. அதனை அடிப்படையாகக் கொண்டு 1886 ஜூன் 4-இல் நாட்டின் முதல் முறையான பருவமழை முன்னறிக்கை வெளிவந்தது. அடுத்து வந்த ஜான் எலியட், இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் அழுத்தநிலையையும் சேர்த்து விரிவான அறிக்கைகள் எழுதினார். 1899-இல் நல்ல மழை என்றார்; வந்ததோ பெரும் வறட்சி. விரிவாகச் சொன்னது விரிவாகவே பொய்த்தது.

1904-இல் வந்த கில்பர்ட் வாக்கர் கணிதர். ஊகத்தை விடுத்து, உலகின் பல மூலைகளின் அழுத்தம், வெப்பம், மழை எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அதனால் பசிபிக் கடலின் மீது அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின் மீது தாழ்வதும், அது தாழும்போது இது உயர்வதுமாகிய பெரும் ஊஞ்சலைக் கண்டார். தென் அலைவு என்று அதற்குப் பெயர். நுங்கம்பாக்கத்திலும் நம் மலைகளிலும் எழுத்தர்கள் நாள்தோறும் எழுதிய எண்கள் போன்றவைதாம் அக்கண்டுபிடிப்புக்கு மூலப்பொருள். 1913-இல் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைப் பார்த்து, அவருக்கு ஆராய்ச்சி உதவி வழங்குமாறு பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார் என்பதை இடையே சொல்லிச் செல்கிறோம். மழையை அவரால் உறுதியாக முன்கூற இயலவில்லை; மனிதரை முன்கூற இயன்றது!

வாக்கரின் வழியில் வந்த முறைகள் பல மாறின. 1988-இல் பதினாறு குறிகளைக் கொண்ட கணிப்பு வந்து பல ஆண்டு ஒத்துச் சென்றது. 2002-இல் இயல்பான மழை என்று அது கூற, ஜூலை மாத மழை நாடளவில் இயல்பில் பாதிக்கும் குறைந்தது. இப்போது கணினி கடலையும் காற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. மாதந்தோறும் இறுதி நாட்களில் அடுத்த மாதத்து மழையும் வெப்பமும் அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்பின் தரம் உயர்ந்துள்ளது என்பதில் நமக்கு ஐயமில்லை. புயல் எச்சரிக்கையில் அது காத்த உயிர்கள் பல.

நம் குறை வேறு. நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்துள்ளனர். கேரளமும் மாகியும் சேர்ந்து ஒன்று. தமிழ்நாடும் புதுவையும் காரைக்காலும் சேர்ந்து மற்றொன்று. சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு என்பர். கொழிஞ்சாம்பாறையும் வடகரைப்பதியும் வானத்தால் கொங்கு நாட்டைச் சேர்ந்தவை; கணக்கால் கேரளத்தைச் சேர்ந்தவை. கடற்கரையில் கொட்டித் தீர்த்தால் கேரளத்தில் மழை இயல்பு என்று வானொலி அறிவிக்கும். சித்தூர்ப் பக்கத்து உழவன் அதைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பான். இடுக்கி மாவட்டக் கணக்கும் அப்படியே. பீர்மேட்டின் பெருமழையையும் மறையூர், சின்னாற்றின் வறட்சியையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண், அம்மாவட்டத்தில் எவன் தலையிலும் விழாத மழை.

கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்க ஒரு விதி உண்டு. மே 10-க்குப் பின், குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 விழுக்காட்டுக்குக் குறையாதவற்றில் தொடர்ந்து இரு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருக்க வேண்டும். காற்றின் நிலை முதலியனவும் ஒத்திருக்க வேண்டும். மினிக்காய், அமினி, திருவனந்தபுரம், புனலூர், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர், காசர்கோட்டை ஒட்டிய குடுலு, மங்களூர் என்பன அந்நிலையங்கள். பெரும்பாலானவை கடலோரம், தீவுகளும் உள்ளன, மங்களூர் கருநாடகம். பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. விதியைப் பழிக்கவில்லை, மழை கடலிலிருந்து வருகையில் கடலோரத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் அந்நாளை நம்பி விதை விடுபவன் எங்கே இருக்கிறான் என்பதையும் யாரேனும் கேட்க வேண்டும்.

இது வெறும் மனக்குறை அன்று. நீர்ப்பங்கீடும் இதில் தொங்குகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கைப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்காக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும். மழை குறைந்த ஆண்டில் இரு மாநிலத்து அதிகாரிகளும் ஏடுகளை விரித்துக்கொண்டு அமர்கின்றனர். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் நீராகும். மலைச்சரிவில் எங்கோ ஓர் எழுத்தர் சோம்பிக் குவளையைச் சாய்த்துப் படித்தால், சமவெளியில் எத்தனை வயலின் கணக்கு மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

உயிரும் இதில் தொங்குகிறது. கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில், பெய்த மழையைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே மலைநாட்டு முதியோர் வழங்கினர். மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது அதனோடுதான் எல்லோரும் ஒப்பிட்டனர். ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், 1924-இல் யாரோ நனைந்துகொண்டு அளந்து எழுதியதே.

2020 ஆகஸ்டு 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மீது விழுந்தது. இழந்த உயிர்கள் 70. அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழர், பல தலைமுறையாக அம்மலையில் கொழுந்து பறித்தவர்கள். நாட்கணக்கில் பெய்த மழையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தன. செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். காலையில் ஒருமுறை மட்டும் படிக்கும் மழைமானி, இரவில் மண் நிறைந்து நிலை தளர்வதை எவ்வாறு சொல்லும்? அதனை அன்று நள்ளிரவில் படித்து, படித்ததை ஒருவருக்குச் சொல்லி, கேட்டவர் லயத்துக் கதவைத் தட்டியிருந்தால் என்று நினையாமல் இருக்க முடியவில்லை. வயநாட்டில் ஹியூம் மையம் ஊர்மக்களின் துணையோடு சிற்றூர்தோறும் மழையளந்து, குறிப்பிட்ட அளவு தாண்டினால் நிலச்சரிவு அபாயத்தை அறிவித்து வருகிறது. கேரள மலைகளில் தானியங்கிக் கருவிகளும் பெருகியுள்ளன. கால் மணிக்கு ஒருமுறை எண்ணை அனுப்பவல்லவை. அவற்றுக்கும் புனலில் இலை அடைக்கும், மின்கலம் தீரும், பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

தந்தையார் ஓய்வு பெற்றபோது தோட்டத்து ஏடுகள் தோட்டத்திலேயே தங்கிவிட்டன. அவர் தமக்கென்று வைத்திருந்த நகல்களை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். கரையான் தின்றது போக எஞ்சியவற்றை நாம் படியெடுத்து வருகிறோம். செண்டை மில்லிமீட்டராக மாற்ற 0.254-ஆல் பெருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை வீட்டுத் தென்னந்தோப்புக்கு வெளியே, திறந்த மேட்டில், ஒரு மழைமானியும் நிறுத்தியிருக்கிறோம். இக்காலத்து வழக்கப்படி காலை எட்டரை மணிக்குப் பார்க்கிறோம். பேரப்பிள்ளைகள் முறைவைத்துக் குவளையைப் பிடிக்கின்றனர். தரையில் வைத்துப் படிக்காதே, கண்மட்டத்துக்குத் தூக்கு என்று சொல்லிச் சொல்லி நம் தொண்டைதான் வறள்கிறது.

சென்ற ஆண்டு பருவமழை தொடங்கிற்று என்று செய்தி வந்த காலையில் மேற்கே கணவாயின் வாயில் கரிய மேகம் அடைத்து நின்றது. காற்றில் ஈரமணம் இருந்தது. தோப்பில் ஒரு துளி விழவில்லை. பேரன் குவளையைக் கவிழ்த்துக் காட்டி, “ஒன்னுமே இல்லையே தாத்தா, இதைப் போய் எழுதணுமா?” என்று கேட்டான். ஏட்டை அவனிடமே கொடுத்தோம். தேதிக்கு நேரே 0.0 என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டான்.